படத்தை விட்டு விலகி நின்றவன்

எங்கள் ஊர் ஹார்னர்ஸ் பெண்டில் ரயில் படம் எடுக்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை, மார்ச் மாதம் முதல் சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் மதியச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வழக்கம். ஒவ்வொருவராக எழுந்து நின்று, தான் எடுக்காமல் கோட்டைவிட்ட ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடுத்த படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உட்காரச் சொல்லிவிடுவார்கள். ஒரு வருடம் சொன்னதை மறுவருடம் சொல்லக் கூடாது. சொல்லி முடித்ததும் கூடமே சேர்ந்து "எந்த எஞ்சின்?" என்று கேட்கும். எஞ்சினின் எண்ணைச் சொன்னதும் கை தட்டுவார்கள். யார் கதையில் வயிறு அதிகம் எரிந்தது என்று ஓட்டெடுத்து, மரக்கட்டையில் பதித்த ஃபியூஸ் போன ப்ரொஜெக்டர் பல்பு ஒன்றைப் பரிசாகக் கொடுப்பார்கள்.

வில்மர் ஸ்டௌஃபர் அந்தப் பல்பைப் பதினோரு முறை வாங்கியவர்.

எழுபத்தொன்பது வயது. முப்பத்து நான்கு வருடம் தபால் ஆபீஸில் கடிதம் பிரித்தார். மிச்ச நேரமெல்லாம் தண்டவாளத்தின் ஓரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் இந்தப் பக்கம் ஓடிய கடைசி நீராவி எஞ்சினை எடுக்க முடியாமல் சித்தப்பா மகன் கல்யாணத்துக்குப் போய்த் தொலைத்தார். "அந்தக் கல்யாணம் நாலு வருஷம்கூட நிக்கல" என்று இன்றைக்கும் பல்லைக் கடிப்பார். இன்னொரு முறை ஒரு பசுமாடு குறுக்கே வந்து நின்றது. மற்றொரு முறை, இரண்டு மணி நேரம் மலை ஏறிப் போய் நின்ற பிறகு, தெளிந்த வானத்தில் எங்கிருந்தோ வந்த ஒரே ஒரு மேகம். மேகத்தின் மேல் ஒரு மனிதன் இத்தனை வருடம் கோபத்தை வைத்திருக்க முடியும் என்று அவரைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

படம் எடுப்பதில் அவருக்குச் சட்டம் உண்டு. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எஞ்சினின் முகமும் ஒரு பக்கமும் முழு வெளிச்சத்தில் தெரிய வேண்டும். குறுக்கே கம்பம் கூடாது, புகை கூடாது, புல் கூடாது. புல் வெட்டும் கத்தரி ஒன்று அவர் காரில் எப்போதும் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் ஆள் கூடாது. எஞ்சின் ஓட்டுகிறவன் கையை வெளியே நீட்டினால் அந்த ஸ்லைடு, திரையில் காட்டுவதற்கான ஃபிலிம் துண்டு, குப்பைத்தொட்டிக்குப் போகும். லைன் வேலைக்காரர்கள் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தாலும் போகும். சட்டத்தை எழுதியது அவரில்லை. அந்தக் காலத்தில் எல்லாருமே அப்படித்தான் எடுத்தார்கள். ஆனால் அவர் அதை வேதமாக வைத்துக்கொண்டார். அவருடைய மனைவி வெர்னா முப்பது வருடம் அந்தக் காருக்குள்ளேயே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினாள். ஆறு வருடத்துக்கு முன் அவள் இறந்தபோது சர்ச்சில் வைக்க ஒரு படம் அவர் வீட்டில் கிடைக்கவில்லை. வெர்னாவின் தங்கைதான் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அந்த மார்ச் சாப்பாட்டில் வில்மருக்குப் புதுக் கதை தேவைப்பட்டது. பழையதெல்லாம் சொல்லித் தீர்ந்துவிட்டது. தன் குறிப்பு நோட்டுகளைப் புரட்டி ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். முறை வந்ததும் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"அறுபத்தொன்பது, நவம்பர் பத்து. திங்கக்கிழமை. லீவு போட்டுட்டு, தண்டவாளம் திரும்பற நம்ம வளைவுல நிக்கறேன். காலைல எட்டு மணி. வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கு. முதல் வண்டி வந்தது, அருமையா மாட்டிச்சு. அது முப்பத்தோராவது படம். முப்பத்தாறு ஃபிலிம்ல அஞ்சு பாக்கி. ஒம்போதே காலுக்கு ரெட்டை எஞ்சின் போட்ட நிலக்கரி வண்டி வருதுன்னு எனக்குத் தகவல். அந்த அஞ்சையும் அதுக்குன்னு பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன். நடுவுல ஒரு ப்ரேக்மேன் பையன் வந்து தொணதொணன்னு பேசறான். அவனை ஒரு வழியா அனுப்பி வெச்சேன். ஒம்போதே காலுக்கு வண்டி வருது. என் மேகமும் வருது."

கூடம் சிரித்தது. வில்மரின் மேகத்தை எல்லாருக்கும் தெரியும்.

"இருட்டுல எடுக்கறதுக்கு எடுக்காமலே இருக்கலாம்னு கேமராவை மூடிட்டேன். அப்புறம் ஃபிலிமைக் கழுவ அனுப்பணுமே, அதைத் தீக்கணுமே. மறுநாள் அந்த அஞ்சையும் எங்க வீட்டுக் கார் கொட்டகையை எடுத்துத் தீத்தேன். ரெட்டை எஞ்சின் வர வேண்டிய இடத்துல அஞ்சு கொட்டகை."

சிரிப்பு கூரையை முட்டியது. "எந்த எஞ்சின்?" என்று கேட்டார்கள். அவர் இரண்டு எண்களையும் சொன்னார். கை தட்டினார்கள். பன்னிரண்டாவது பல்பு உறுதி என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து டோலரஸ் வெளியே வந்தாள். கோஸ் இலையில் இறைச்சி சுருட்டி வேகவைத்த பெரிய தட்டு கையில். டோலரஸ் எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. இருபது வருடமாகச் சங்கத்துச் சாப்பாட்டுக்கும் அவள்தான். தட்டை வில்மர் இருந்த மேஜையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் சிரிப்பு நின்றது.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

தலைவர் நெளிந்தார். "மெம்பருங்க மட்டும்தான்மா…"

"இருபது வருஷமா நமக்கு வடிச்சுக் கொட்டறாங்க. பேசட்டும்யா" என்றார் ப்ரூனோ. முடிதிருத்துகிறவர், வில்மரின் ஐம்பது வருடச் சிநேகிதர், சங்கத்திலேயே மிக மோசமாகப் படம் எடுக்கிறவர்.

டோலரஸ் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்க அண்ணன் பேரு எமில் ஹுடாக். ரயில்ல ப்ரேக்மேனா இருந்தான், பெட்டிகளை மாட்டிக் கழட்டற வேலை. அறுபத்தொன்பது நவம்பர் பத்தொன்பது, ரயில் யார்டுல ரெண்டு பெட்டிக்கு நடுவுல மாட்டிச் செத்துட்டான். இருபத்திரண்டு வயசு. எனக்குப் பதினஞ்சு. அதுக்கு ஒம்போது நாள் முன்னாடி சாப்பிடும்போது எங்கம்மாகிட்ட சொன்னான். வளைவுல ஒரு ஃபோட்டோக்காரரைப் பாத்தேன்மா, உனக்குக் குடுக்க என்னை ஒண்ணு எடுங்கன்னு கேட்டேன், ஃபிலிம்ல ஒண்ணுதான் பாக்கி இருக்கு, அடுத்த வாட்டி கண்டிப்பா எடுக்கறேன்னு சொன்னாருன்னு."

யாரோ வைத்த முள்கரண்டி தட்டில் உருண்டது.

"எழுபத்திரண்டு வெள்ளத்துல ஆல்பம் பூரா போச்சு. அவன் மூஞ்சி இருக்கற படம் ஒண்ணுகூட மிஞ்சல. எங்கம்மா சாகறவரைக்கும் சொல்லிட்டே இருந்தா. அந்த ஃபோட்டோக்காரர் அடுத்த வாட்டி எடுத்திருப்பாரு, ஒம்போது நாள் இருந்துச்சே, அவர்கிட்ட இருக்கும், தேடிக் கேளுன்னு. அப்ப வளைவுல பத்துப் பேரு கேமராவோட நிப்பீங்க. யாருன்னு எங்களுக்குத் தெரியல. இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு." வில்மரைப் பார்த்தாள். "ஒண்ணுதான் பாக்கின்னு சொன்னீங்களே, மிஸ்டர் ஸ்டௌஃபர். அஞ்சு இருந்திருக்கு. அஞ்சும் உங்க கொட்டகைக்குப் போயிருக்கு."

வில்மரின் காது சிவந்தது. நாற்பத்து இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வாய்ப்பொய்க்கு, முப்பது பேர் முன்னால், சாப்பாட்டுத் தட்டோடு வந்து ஒருத்தி கணக்குக் கேட்கிறாள் என்பதுதான் அந்த நிமிடத்தில் அவருக்குப் பெரிதாகப் பட்டது.

"ஆளைப் படம் எடுக்கறதுக்கு ஊர்ல ஸ்டூடியோ இருந்துச்சு" என்றார். "நான் எடுக்கறது ரயிலு. எங்கிட்ட வந்து நின்னவன் போனவனையெல்லாம் எடுத்துட்டிருக்க முடியுமா?"

சொன்னதும் அது எவ்வளவு கேவலமாக ஒலித்தது என்று அவருக்கே கேட்டது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

டோலரஸ் குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அடுத்த வாட்டி எடுத்தீங்களா, இல்லையா?"

"எனக்கு ஞாபகமில்ல."

"எஞ்சின் நம்பர் ஞாபகம் இருக்கு. இது இல்லயா?"

வில்மர் தொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் வெளியே நடந்தார். அந்த வருடம் பல்பை யாருக்கும் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய கோபம் முதலில் டோலரஸ் மேல் போனது, பிறகு அவளைப் பேசவிட்ட ப்ரூனோ மேல், பிறகு செத்துப்போன அந்தப் பையன் மேல். வாயை வைத்துக்கொண்டு சும்மா போயிருக்கலாமே, எதற்கு என்னிடம் வந்து கேட்டான் என்று. இரண்டு நாள் அப்படியே முறைத்துக்கொண்டு கிடந்தார். திங்கட்கிழமை காலை நிலவறைக்கு இறங்கிப் போனார்.

அங்கே முப்பத்தெட்டாயிரம் ஸ்லைடுகள் தகரப் பெட்டிகளில் இருந்தன. எஞ்சின் எண் வரிசையில் அடுக்கப்பட்டவை. எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். ஆனால் எமில் ஹுடாக் என்ற பெயருக்கு எந்தப் பெட்டியைத் திறப்பது? குறிப்பு நோட்டைப் பிரித்து, அந்த நவம்பரில் தான் எடுத்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதினார். ஒவ்வொன்றாக உருவி, அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடிப் பலகையில் பரப்பி, பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை வைத்துக் குனிந்தார். எஞ்சின், பெட்டி, மலை, வானம். எஞ்சின், பெட்டி, மலை, வானம். கூரான, சுத்தமான, குறை சொல்ல முடியாத படங்கள். ஒரு ஈ காக்கை இல்லை.

மதியம் ப்ரூனோ வந்தார். படிக்கட்டிலிருந்தே பேச ஆரம்பித்தார்.

"சாப்பிட்டியா இல்லையாடா?"

"நீ எதுக்கு வந்த?"

"உன் முடியைப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு. வெட்டிவிடலாம்னு வந்தேன்." ப்ரூனோ பலகையைப் பார்த்தார். "கெடச்சுதா?"

"இல்ல."

"கெடைக்காது. உன்னோட படத்தைப் பாத்தா இந்த ஊர்ல எல்லாரும் செத்துப்போனதுக்கு அப்புறம் ரயில் மட்டும் தானா ஓடிட்டிருந்த மாதிரி இருக்கு. நான் எடுத்தா தலையை வெட்டிருவேன், கோணலா எடுப்பேன், நீயே என்னைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்க. ஆனா எங்கிட்ட ஆளுங்க இருக்காங்க."

"அப்ப நீ எடுத்திருக்க வேண்டியதுதானே அவனை."

"எங்கிட்ட அவன் கேக்கலையே. உங்கிட்டதான் நல்ல கேமரா இருந்துச்சு. அதான் உங்கிட்ட கேட்டிருக்கான்."

வில்மர் லென்ஸைப் பலகையின் மேல் எறிந்தார். அது உருண்டு கீழே விழுந்தது. ப்ரூனோ குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து, திருப்பி வைத்தார். குறிப்பு நோட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

வில்மரின் நோட்டுகள் ஊரறிந்தவை. நாள், மணி, எஞ்சின் எண், லென்ஸின் திறப்பு, வானம் எப்படி, இடைஞ்சல் என்ன. ஒரு வரி விடமாட்டார். ப்ரூனோ விரலை வைத்துக்கொண்டே படித்தார். நவம்பர் பத்து: 'இடைஞ்சல்: ப்ரேக்மேன். விலகச் சொன்னேன்.' நவம்பர் பன்னிரண்டு: மழை. பதினைந்து, சனிக்கிழமை. அங்கே விரல் நின்றது.

"வில்மர். இதைப் படிச்சியா?"

"எஞ்சின் நம்பரைத்தான் பாத்தேன்."

"இடைஞ்சல் பக்கம் பாரு."

வில்மர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவருடைய சொந்தக் கையெழுத்து, பொடிப்பொடியாக, கோடு தவறாமல். 'அதே ப்ரேக்மேன். கை காட்டினான். பார்க்காத மாதிரி நின்றேன். விலகியதும் எடுத்தேன்.'

வில்மருக்கு அப்போது ஞாபகம் வந்தது. முழுதாக வந்தது, தவணை முறையில் வரவில்லை. வளைவின் அந்தப் பக்கம் ஒரு உயரமான பையன், கையில் சாப்பாட்டு டப்பா, நான்தான் சார், ஞாபகம் இருக்கா என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. தான் கேமராவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பையன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு, யார்டு பக்கம் போனது. புது ஃபிலிம் அன்றைக்கு. முப்பத்தாறும் முழுசாக இருந்தது.

"நாலு நாள்ல செத்துட்டான்" என்றார் வில்மர். "நாலே நாள்."

"அவகிட்ட இதைச் சொல்லணும்னு இல்ல" என்றார் ப்ரூனோ. "கெடைக்கலன்னு சொல்லிடலாம். அது பொய் இல்லையே."

"ஒண்ணுதான் பாக்கின்னு சொன்னதும் அப்ப எனக்குப் பொய்யாவே தெரியல" என்றார் வில்மர். "வாயை மூடிட்டு இரு."

பத்தாம் தேதி எடுத்த முப்பத்தோராவது படத்தை அவர் மறுபடி கையில் எடுத்தார். சங்கத்தில் பல முறை திரையிட்டுக் கைதட்டு வாங்கிய படம். அதன் அட்டைச் சட்டத்தில், கீழ் விளிம்பில், வெள்ளி டேப்பு ஒரு பட்டையாக ஒட்டியிருந்தது. படத்தில் வேண்டாதது ஏதாவது ஓரத்தில் விழுந்துவிட்டால் எங்கள் ஆட்கள் இப்படித்தான் டேப்பு ஒட்டி மறைப்பார்கள். திரையில் அந்த இடம் கறுப்பாகிவிடும், யாருக்கும் தெரியாது. காலை வெயில் முதுகில் அடிக்கும்போது எடுக்கிறவனின் நிழல் நீளமாக முன்னால் விழும். அதைத்தான் மறைத்திருக்க வேண்டும். வில்மர் சவர பிளேடை எடுத்து, டேப்பின் முனையை நெம்பி, மெதுவாக உரித்தார். பசை காய்ந்து போயிருந்ததால் சுலபமாக வந்தது.

சரளைக் கல்லின் மேல் இரண்டு நிழல்கள் இருந்தன.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, பள்ளிக்கூடம் விட்டு டோலரஸ் வீட்டுக்கு வந்திருப்பாள் என்று கணக்குப் பண்ணி, வில்மர் போனார். ப்ரூனோ கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். டோலரஸ் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. திரும்பிச் சமையலறைக்கு நடந்தாள். அவர் பின்னால் போனார். அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை அணைத்தாள்.

"எடுத்தீங்களா?"

"இல்ல" என்றார் வில்மர். "எடுக்கல. இது ஒண்ணுதான் இருக்கு." ஸ்லைடையும் லென்ஸையும் நீட்டினார். "ஜன்னல் பக்கம் பிடிச்சுப் பாருங்க. கீழ் ஓரத்துல."

அவள் ஜன்னலுக்குப் போய்க் கண்ணில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ரெண்டு நிழல் இருக்கு."

"முழங்கை ரெண்டும் வெளிய நீட்டிட்டு இருக்கறது நான். கேமராவைப் பிடிச்சிருக்கேன்."

"இவன் ஒரு கையில டப்பா வெச்சிருக்கான்."

"ஆமா."

"இன்னொரு கையைத் தூக்கியிருக்கான்."

"ஓடற வண்டியை நின்னு பாத்து, சக்கரத்துல புகை இல்ல, எதுவும் தொங்கல, எல்லாம் சரியா இருக்குன்னு கை காட்டறது ரயில்காரங்க வேலை. தண்டவாளத்துக்குப் பக்கத்துல நின்னு அதைத்தான் பண்ணிட்டிருந்தான். படத்துல விழறே, விலகுன்னு கத்தினேன். சரி சார்னு சொல்லிட்டு எம் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டான். அங்கேருந்தே கை காட்டினான்."

"எவ்வளவு பக்கத்துல?"

"இந்த மேஜை தூரம்கூட இல்ல."

டோலரஸ் லென்ஸை இறக்கினாள். "கேமராவை இப்படித் திருப்பியிருந்தா போதும்."

"ஆமா."

"ஒரு செகண்டு."

"ஆமா."

இந்த இடத்தில் அவர் கிளம்பிப் போயிருக்கலாம். அவள் அந்த நிழலை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு மாதிரி ஆறியிருப்பாள். ப்ரூனோ சொன்னதும் அதுதான். வில்மர் கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்து, பதினைந்தாம் தேதிப் பக்கத்தைப் பிரித்து, அவள் முன்னால் வைத்தார். எந்த வரி என்று விரலால் காட்டினார்.

அவள் வாய்விட்டுப் படித்தாள். "அதே ப்ரேக்மேன். கை காட்டினான். பார்க்காத மாதிரி நின்றேன். விலகியதும்…" அங்கே நிறுத்தினாள். நோட்டை மூடினாள். மூடிய நோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா எண்பத்தெட்டுலதான் போனா" என்றாள். "பத்தொன்பது வருஷம். அடுத்த வாட்டி எடுத்திருப்பாரு, எடுத்திருப்பாருன்னு. அவளுக்குப் புத்தி கலங்கிப்போச்சுன்னு நாங்க நெனச்சோம். அவ சொன்னது சரிதான். அடுத்த வாட்டி வந்திருக்கு. அவன் வந்து நின்னிருக்கான்."

"ஆமா."

"ஆமா ஆமான்னு சொல்லாதீங்க. வேற ஏதாவது சொல்லுங்க."

வில்மர் வாயைத் திறந்தார். மேகத்தையும் பசுமாட்டையும் சித்தப்பா மகன் கல்யாணத்தையும் மணிக்கணக்கில் திட்டத் தெரிந்த மனிதர் முதல் தடவையாகத் தன்னைத் திட்டினார். "என்னைச் செருப்பால அடிக்கணும் போல இருக்கு" என்றார். "அவன் என்ன பெரிசா கேட்டான். எங்கிட்ட இருந்த ஃபிலிமுக்கு ஊரையே எடுத்திருக்கலாம். கொட்டகையை எடுத்தேன். என்ன மனுசன் நான்."

"அதை எங்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டா உங்களுக்கு லேசாயிடும்" என்றாள் டோலரஸ். "எனக்கு வேண்டாம் அது. அடுத்த மார்ச்சுல உங்க முறை வரும். அங்க எழுந்து சொல்லுங்க. அந்தச் சிரிச்ச வாயெல்லாம் கேக்கட்டும். நான் பரிமாற வருவேன். இப்பப் போங்க."

ஸ்லைடை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்த வருடம் முழுக்க வில்மர் வளைவுக்குப் போகவில்லை. தெருவில் கேமராவோடு நடந்து, பார்த்த முகத்தையெல்லாம் எடுக்க ஆரம்பித்தார் என்று கதை முடிந்தால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரே ஒரு முறை ப்ரூனோவை அவருடைய கடை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் நிற்பது, என்ன சொல்லிச் சிரிக்கவைப்பது என்று தெரியவில்லை. படத்தில் ப்ரூனோ போலீஸில் பிடிபட்ட ஆள் மாதிரி இருந்தார். "இதுக்கு என் எஞ்சினே தேவலாம்" என்று எரிந்து விழுந்துவிட்டுக் கேமராவை உறையில் போட்டார்.

மார்ச் வந்தது. கூடத்தில் அதே முப்பது பேர், இரண்டு பேர் குறைவாக. டோலரஸ் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாள். வில்மர் வருவாரா என்று எங்களுக்குள் சந்தேகம் இருந்தது. வந்தார். முடி வெட்டியிருந்தார். முறை வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கையில் நோட்டு இல்லை.

"போன வருஷம் சொன்ன அதே காலைதான்" என்றார். "சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாதுன்னு சட்டம். போன வருஷம் தப்பாச் சொல்லிட்டேன். அன்னைக்கு நான் கோட்டைவிட்டது நிலக்கரி வண்டி இல்ல."

சொன்னார். கத்தி விரட்டியது, பையன் பக்கத்தில் வந்து நின்றது, அம்மாவுக்கு என்று கேட்டது, ஒன்றுதான் பாக்கி என்று சொன்னது, கொட்டகை, டேப்பு. பிறகு பதினைந்தாம் தேதி. அங்கே குரல் கோபமாக வந்தது. "பாத்தேன். பாக்காத மாதிரி நின்னேன். அவன் போறவரைக்கும் காத்திட்டிருந்தேன். அவன் விலகினதும் எடுத்தேன். நல்லா வந்துச்சு. நீங்க எல்லாரும் கைதட்டினீங்க." அவ்வளவுதான் என்று நின்றார்.

கூடத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்க தோஷம், பின்வரிசையிலிருந்து ஒரு காது மந்தமான கிழவர், மற்றவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, உரக்கக் கேட்டார்.

"எந்த எஞ்சின்?"

"எமில் ஹுடாக்" என்றார் வில்மர். "இருபத்திரண்டு வயசு."

முன்வரிசையில் யாரோ கையைத் தூக்கினார்கள், தட்டுவதற்கு.

"யாராவது கைதட்டினா" என்று ஜன்னலுக்குள்ளிருந்து டோலரஸ் சொன்னாள், "அடுத்த வருஷம் சமைக்க வேற ஆளைப் பாத்துக்குங்க."

தூக்கிய கை இறங்கியது. வில்மர் உட்கார்ந்தார். டோலரஸ் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவோரத்து மேஜையிலிருந்து பரிமாற ஆரம்பித்தாள். ஆளுக்கு இரண்டு கோஸ் சுருள், ஒரு கரண்டி உருளைக்கிழங்கு. வில்மர் முறை வந்தபோது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் தட்டிலும் இரண்டு சுருளும் ஒரு கரண்டி உருளைக்கிழங்கும் வைத்துவிட்டு, அவள் அடுத்த ஆளுக்குப் போனாள்.